எந்தச் சுமையை ஏற்பது, எதை மறுப்பது: பழஞ்சாமான் அகற்றும் தொழில் குறித்த கேள்வி பதில்

சென்னையில் 2011 ஆம் ஆண்டு முதல் வீடு, கடை, அலுவலகம் ஆகியவற்றிலிருந்து பழஞ்சாமான்களையும் கட்டட இடிபாடுகளையும் அகற்றும் தொழிலைச் செய்து வருகிறேன். குட்டி யானை எனப்படும் சிறிய சரக்கு வண்டி ஒன்றோடும் இரண்டு ஆட்களோடும் தொடங்கியது, இன்று மூன்று வண்டிகளும் ஏழு ஆட்களுமாக நடக்கிறது. இத்தொழிலில் இருப்பவர்களும் புதிதாக வர விரும்புபவர்களும் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை, யாருக்கு வேலை செய்வது, யாரிடம் மறுத்துவிடுவது என்பதைப் பற்றியே இருந்தன. அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (அம்பத்தூர்): அண்ணா, தவணையில் ஒரு குட்டி யானை எடுத்து நான்கு மாதம் ஆகிறது. மாதத் தவணை கட்ட வேண்டியிருப்பதால் வருகிற வேலையை எல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். ஆரம்பத்தில் அப்படித்தானே இருக்க முடியும்?

பதில்: தம்பி, நானும் முதல் ஆண்டு முழுவதும் அப்படித்தான் இருந்தேன். மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டில் குளியலறையை இடித்துப் புதுப்பித்தார்கள். இடிபாட்டு மூட்டைகளை எடுத்துச் செல்ல 2,500 ரூபாய் என்று பேசி, மகிழ்ச்சியோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். எங்கே இறக்குவது என்பதை நான் யோசித்திருக்கவில்லை. காலியாகத் தெரிந்த மனைகளின் ஓரம் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து இறங்கி வந்து சத்தம் போட்டார்கள். அவர்கள் போட்டது நியாயமான சத்தம். ஆறு மணி நேரம் சுற்றிய பிறகு மூட்டைகளை என் வீட்டு வாசலிலேயே இறக்கினேன். பதினொரு நாள் அவை அங்கேயே கிடந்தன. என் தாயார் ஒவ்வொரு நாளும் அவற்றைச் சுற்றித்தான் கோலம் போட்டார்.

அந்தப் பதினொரு நாளில் எனக்குப் புரிந்தது இதுதான்: நம்முடைய வேலை வாடிக்கையாளரின் வாசலில் முடிவதில்லை, சாமான் போய்ச் சேரும் இடத்தில்தான் முடிகிறது. ஆகவே அழைப்பு வந்ததும் கூலியைப் பேசாதீர்கள். என்ன சாமான் என்று கேளுங்கள், படம் அனுப்பச் சொல்லுங்கள், பிறகு மனத்திற்குள் அதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்படியே விற்கக்கூடியது ஒரு பங்கு, காயலான் கடையில் எடைக்குப் போகக்கூடியது ஒரு பங்கு, யாரும் வாங்காதது மூன்றாவது பங்கு. வாடிக்கையாளர் எப்படிப்பட்டவர் என்பதை அந்த மூன்றாவது பங்குதான் காட்டிக்கொடுக்கும். அதை முறையான இடத்தில் சேர்ப்பதற்கும் ஒரு செலவு உண்டு என்று நீங்கள் சொல்லும்போது, "சரி, எவ்வளவு ஆகும்?" என்று கேட்பவர் உங்களுடைய வாடிக்கையாளர். "அதெல்லாம் எனக்குத் தெரியாது, இங்கிருந்து போனால் போதும்" என்பவர், கூலி எவ்வளவு கூடுதலாகத் தருவதாகச் சொன்னாலும், தம் பொறுப்பை உங்கள் தலையில் ஏற்றிவிடுகிறார். தவணை இருக்கிற காலத்தில்தான் இந்தப் பிரிப்பு மிகவும் தேவைப்படுகிறது. ஏனென்றால் ஒரே ஒரு அபராதம் இரண்டு மாதத் தவணையை விழுங்கிவிடும்.

கேள்வி (மேற்கு மாம்பலம்): வீட்டைக் காலி செய்பவர்கள், "இவ்வளவு சாமான் கொடுக்கிறோமே, நீங்கள் எங்களுக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்கிறார்கள். நாம்தான் கூலி வாங்க வேண்டும் என்றால் கோபப்படுகிறார்கள். இவர்களை விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட வேண்டாம். இந்தக் கேள்வியை எழுப்பாத வீடு நம் ஊரில் மிகக் குறைவு; அதில் தவறும் இல்லை. பழைய பேப்பர்காரரும் இரும்புச் சாமான் வாங்குபவரும் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வந்து காசு கொடுத்து எடுத்துச் சென்ற ஊர் இது. பழைய பொருளுக்கு விலை உண்டு என்று தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள், எடுத்துச் செல்பவருக்கு நாம் ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்கத்தான் செய்வார்கள். மாறிப்போனது பொருளின் தன்மை. தேக்குக் கட்டில் இருந்த இடத்தில் இப்போது மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகைக் கட்டில் இருக்கிறது. அது ஒருமுறை நனைந்துவிட்டால் அடுப்புக்குக்கூட ஆகாது. பஞ்சு மெத்தை என்றால் பிரித்து அடித்துத் திரும்பத் தைக்க ஆள் இருந்தார்கள். நுரை மெத்தையைத் தொடுவார் இல்லை. சோபாவைப் பிரித்தால் கொஞ்சம் மரச்சட்டமும் கைப்பிடி அளவு ஆணிகளும் மிஞ்சும்.

நான் செய்வது இதுதான். எடைக்குப் போகும் இரும்பு, பித்தளை, அலுமினியம், தாள் ஆகியவற்றை வீட்டுக்காரர் முன்னிலையிலேயே தனியாகப் பிரித்து, அவர் கண்முன் எடை போட்டு, அன்றைய விலையில் அதற்குரிய தொகையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு வண்டி, ஆள்கூலி, மிச்சத்தைச் சேர்ப்பிக்கும் செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டு, அதில் அந்தத் தொகையைக் கழித்துக் காட்டுகிறேன். அண்மையில் ஒரு வீட்டில் வண்டிக்கு 1,800, இரண்டு ஆட்களுக்கு 2,000, மெத்தைகளையும் பலகைகளையும் சேர்ப்பிக்க 700 என 4,500 ரூபாய் ஆனது. ஓர் இரும்புப் பீரோவும் இரண்டு சன்னல் கம்பிச் சட்டங்களும் எடையில் 2,600 பெற்றன. அவர் எனக்குக் கொடுத்தது 1,900 மட்டுமே. அந்தக் கணக்கை அவர் முன்னாலேயே ஒரு தாளில் எழுதியதால் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. இவ்வளவு விளக்கிய பிறகும், எடையில் வந்ததை நீ ஏமாற்றுகிறாய் என்ற தொனியிலேயே பேசுபவரிடம் வேலையை ஏற்காதீர்கள். வண்டி கிளம்பிய பிறகு அந்த வீட்டில் ஒரு கரண்டி காணவில்லை என்றாலும் உங்களைத்தான் கேட்பார்கள்.

ஒரே ஒரு சோபா, ஒரே ஒரு மெத்தை என்று அழைப்பவர்களுக்கு இன்னொரு வழியும் சொல்லுங்கள். சென்னை மாநகராட்சியே இத்தகைய பெரிய சாமான்களைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை 2025 இல் தொடங்கியிருக்கிறது. 1913 என்ற எண்ணில் கேட்கச் சொல்லலாம். அந்த ஒரு சோபாவுக்கான கூலி நமக்குக் கட்டுப்படியாகாது, அவருக்கும் சுமையாகத் தோன்றும். வழி சொல்லிவிட்ட ஆளை அவர் மறக்கமாட்டார். வீடு மாறும்போது அழைப்பார்.

கேள்வி (பெருங்குடி): ஒரு கட்டட நிறுவனம் மாதம் முப்பது நாற்பது நடை இடிபாடு தருகிறது. ஆனால் பணம் மூன்று மாதம், நான்கு மாதம் கழித்துத்தான் வருகிறது. பெரிய வாடிக்கையாளர் என்பதால் கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.

பதில்: மாதம் நாற்பது நடை ஓட்டி நான்கு மாதம் பணம் வராவிட்டால், அந்த நிறுவனத்திற்கு டீசல் போட்டுக் கொடுப்பது நீங்கள்தான். ஆட்களுக்குக் கூலி அன்றன்றே கொடுக்கிறீர்கள். அதற்கு வட்டிக்கு வாங்குகிறீர்கள் என்றால் இலாபம் என்று நீங்கள் நினைப்பது வட்டிக்கடைக்குப் போய்விடுகிறது.

முதலில் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவான உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறு நிறுவனத்திற்குத் தர வேண்டிய தொகையை, எழுத்து மூலம் காலம் பேசியிருந்தாலும் 45 நாளுக்குள், பேசியிராவிட்டால் 15 நாளுக்குள் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டுவட்டி கணக்கிடப்படும். அதோடு 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், அந்தக் காலத்திற்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் வேலை வாங்கியவர் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடியும். உங்கள் பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டுவிட்டால், நீங்கள் வாய் திறக்காமலேயே அவர்களுடைய கணக்காளர் மார்ச் மாதத்திற்குள் உங்களைத் தேடுவார். இதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அப்படியும் நடக்கவில்லை என்றால் இதற்கான அரசு இணையதளத்தில் முறையிட்டு, இத்தகைய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்க மன்றத்திற்குக் கொண்டு செல்லலாம். ஆனால் அந்த நிலைக்குப் போன பிறகு அந்த வாடிக்கையாளர் தொடரமாட்டார் என்பதையும் எண்ணிப் பார்த்துச் செய்யுங்கள்.

என்னுடைய வழக்கம், எந்த ஒரு நிறுவனமும் என் மாத வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக விடுவதில்லை என்பது. போனால் அவர்கள் சொல்வதே விலை, அவர்கள் தருவதே தேதி என்றாகிவிடும். பாக்கி இரண்டு வாரக் கூலியைத் தாண்டியதும் வண்டியை நிறுத்துகிறேன். அதையும் முதல் நாளே பணிவாகச் சொல்லிவிடுகிறேன். தலைமை அலுவலகத்தில் பேசினால் தீராதது, தளத்தில் இருக்கும் இன்ஜினியரிடம் பேசினால் சில நேரம் தீரும். இடிபாடு குவிந்தால் வேலை நிற்பது அவருக்குத்தான்.

கேள்வி (கோவிலம்பாக்கம்): இடிபாட்டுக்கு "ஏரி ஓரமாகக் கொட்டிவிடு, எல்லோரும் அங்கேதான் கொட்டுகிறார்கள்" என்று மேஸ்திரி சொல்கிறார். மறுத்தால் அடுத்த வண்டிக்காரரைக் கூப்பிடுகிறார். தொழில் கைவிட்டுப் போகிறதே?

பதில்: போகட்டும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022 இல் இடம்பெற்றது. அதன் ஓரங்களிலும், தென்சென்னையின் ஏரிக் கரைகளிலும் இரவோடிரவாக வண்டி வண்டியாகச் செங்கல்லும் சிமெண்டும் கொட்டப்பட்டிருப்பதை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் போகிறோம். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தை மூடினால் அது எங்கே போகும் என்பதை 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நம் வீடுகளுக்குள்ளேயே பார்த்தோம். அந்த மேஸ்திரி சேமிப்பது சில நூறு ரூபாய்.

இடிபாட்டைப் பதப்படுத்தி மணலாகவும் சல்லியாகவும் மாற்றும் நிலையங்கள் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இருக்கின்றன. சிறிய அளவு என்றால் மாநகராட்சி ஒவ்வொரு மண்டலத்திலும் ஒதுக்கியுள்ள இடங்களில் சேர்க்கலாம். பெரிய அளவு என்றால் கொட்டுபவருக்கு மட்டுமன்றி உண்டாக்குபவருக்கும் பொறுப்பு உண்டு. நாளொன்றுக்கு 20 டன்னுக்கு மேலோ, ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேலோ இடிபாடு உண்டாக்குபவர், அதைக் கான்கிரீட், மண், இரும்பும் மரமும் பிளாஸ்டிக்கும், செங்கல்லும் காரையும் என்று பிரித்துத் தர வேண்டும் என 2016 விதிகளே சொல்லின. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி அறிவிக்கப்பட்ட புதிய விதிகள், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானங்களின் மீது இந்தப் பொறுப்பை இன்னும் இறுக்கமாக வைக்கின்றன. ஆகவே வரும் காலத்தில் பெரிய நிறுவனங்களுக்கு, எங்கே சேர்த்தோம் என்பதற்கு இரசீது காட்டக்கூடிய வண்டிக்காரர்தான் தேவைப்படுவார். நிலையத்தில் தரும் எடைச் சீட்டை நகலெடுத்துப் பில்லோடு இணைத்துக் கொடுங்கள். அதைக் கேட்டு வாங்கும் வாடிக்கையாளரைத் தேடிப் பிடியுங்கள்; மேஸ்திரிக்கு வேறு வண்டி கிடைக்கும்.

எடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குட்டி யானையின் தொட்டி ஏழடி நீளமும் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான அகலமும் ஓரடி உயரமும் உடையது. கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கனமீட்டர். அதைப் பலகை மட்டத்திற்குச் செங்கல் இடிபாட்டால் நிரப்பினால் ஒன்றேகால் டன் வரும். வண்டி தாங்கக்கூடியதோ சுமார் 750 கிலோ. சிமெண்டுப் பையில் கட்டிய இடிபாடு ஒரு மூட்டை 40 கிலோ என்று வைத்தால், பதினெட்டு மூட்டையோடு நிறுத்த வேண்டும். தொட்டியில் பாதிக்குச் சற்றுக் குறைவான இடம் காலியாகத் தெரியும். "இன்னும் பத்து மூட்டை போடு, இடம் இருக்கிறதே" என்பார்கள். 2019 திருத்தத்திற்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் சொல்கிறது. அந்த இருபதாயிரத்தை மேஸ்திரி தரமாட்டார். மூட்டைக் கணக்கில் மட்டும் விலை பேசுங்கள், நடைக் கணக்கில் பேசாதீர்கள்.

கேள்வி (கொளத்தூர்): வீட்டு உரிமையாளர் ஒருவர், ஆறு மாதமாக வாடகை தராமல் ஊருக்குப் போய்விட்ட குடித்தனக்காரரின் சாமான்களை எடுத்துச் செல்லச் சொல்கிறார். சாவி அவரிடமே இருக்கிறது. நல்ல கூலி தருகிறார்.

பதில்: தொடாதீர்கள். சாவி உரிமையாளருடையது, சாமான் உரிமையாளருடையது அன்று. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தின்படி, குடித்தனக்காரரை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். ஆணையின் நகலைக் காட்டினால், அதிகாரி முன்னிலையில் பட்டியல் எழுதி எடுங்கள். காட்டாவிட்டால் எவ்வளவு கூலி தந்தாலும் வேண்டாம். உரிமையாளரின் நிலைமை வருந்தத்தக்கதாகவே இருக்கலாம். ஆனால் நாளை அந்தக் குடித்தனக்காரர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், வண்டி எண்ணோடு கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருப்பது நீங்கள்தான்.

கேள்வி (திருவொற்றியூர்): வழக்கமான வாடிக்கையாளர்கள், "அப்படியே செப்டிக் டேங்கையும் பார்த்துவிடு, உன் ஆட்கள் இருக்கிறார்களே" என்கிறார்கள்.

பதில்: எவ்வளவு பழைய வாடிக்கையாளராக இருந்தாலும், எவ்வளவு தந்தாலும், ஒருபோதும் கூடாது. மனிதரைச் செப்டிக் தொட்டியிலும் சாக்கடைக் குழியிலும் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. இத்தகைய மரணத்திற்கு இழப்பீடு 30 இலட்சம் ரூபாய் என 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த எண்ணைத் தாண்டியும் யோசியுங்கள். உள்ளே இருக்கும் நச்சுக்காற்று ஒருவரை வீழ்த்துகிறது, அவரைத் தூக்க இறங்குபவரையும் வீழ்த்துகிறது; அதனால்தான் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இறந்த செய்திகளைப் படிக்கிறோம். என்னிடம் வேலை செய்பவர்கள் காலையில் தங்கள் வீட்டில் சொல்லிவிட்டு என்னை நம்பி வருகிறார்கள். கழிவுநீர் உறிஞ்சும் லாரியை அழைக்கச் சொல்லுங்கள். அதன்பிறகும் வற்புறுத்துபவரின் எண்ணை அழித்துவிடுங்கள்.

கேள்வி (அடையாறு): பெற்றோர் இறந்த பிறகு வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அழைப்புகள் எங்கள் பகுதியில் அதிகம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இதில் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: இந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன், மிகவும் பயந்தும் செய்கிறேன். கூலி நன்றாகக் கிடைக்கும், யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள், சாமானும் தரமானதாக இருக்கும். ஆனால் வாடிக்கையாளர் ஒருவர்போலத் தெரிந்தாலும் உண்மையில் நான்கைந்து பேர்.

ஒரு வீட்டில் மூத்த மகன் தொலைபேசியில் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடச் சொன்னார். சமையலறைப் பரணில் சாக்கு சுற்றி வைத்த பித்தளை அண்டாவும் இரண்டு குடங்களும் இருந்தன. துடைத்துப் பார்த்தபோது குடத்தின் கழுத்தில் ஒரு பெண்ணின் பெயரும், 1968 என்ற ஆண்டும், ஊர்ப் பெயரும் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தன. அந்த அம்மாவுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த சீர். எடையில் அந்தக் குடத்திற்கு விலை உண்டு. காயலான் கடையில் முதல் அடியிலேயே அந்தப் பெயர் நசுங்கிவிடும். நான் படம் எடுத்து அனுப்பி, வேறு யாரையாவது கேட்க வேண்டுமா என்றேன். மறுநாள் இரவு அவருடைய தங்கை அழைத்தார். சிறிது நேரம் அவரால் பேச முடியவில்லை. அந்தக் குடங்கள் இப்போது அவர் வீட்டில் இருக்கின்றன. கேட்காமல் போட்டிருந்தால் எனக்குச் சில ஆயிரம் ரூபாய் கிடைத்திருக்கும். அந்தக் குடும்பத்தில் அண்ணன் தங்கை பேச்சு நின்றிருக்கும்.

ஆகவே இத்தகைய வீடுகளில், வாரிசுகள் எல்லோரும் எழுத்தில் சம்மதம் தந்தால் மட்டுமே வேலையை ஏற்கிறேன். வாட்ஸ்அப் குழு ஒன்றில் எல்லோரும் "சரி" என்று எழுதினாலும் போதும். ஒருவர் மட்டும், "மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டாம், வாரக் கடைசிக்குள் முடியுங்கள்" என்றால் மறுத்துவிடுகிறேன். முதல் நாள் எதையும் ஏற்றுவதில்லை. பீரோவின் இரகசிய அறை, அரிசி டிரம்மின் அடி, தாள் விரித்த டிரங்குப் பெட்டி, சுவாமி படங்களின் பின்பக்கம், பழைய பஞ்சாங்கங்களின் இடை என எல்லாவற்றையும் குடும்பத்தார் ஒருவர் முன்னிலையிலோ, காணொளி அழைப்பிலோ பார்த்து முடிக்கிறோம். பத்திரங்களும் வைப்புநிதி இரசீதுகளும் எங்களுக்கு இப்படிப் பலமுறை கிடைத்திருக்கின்றன. அந்த ஒரு நாளுக்கும் கூலி உண்டு என்று முன்பே சொல்லிவிடுங்கள். அதைத் தர மனமில்லாத குடும்பத்தின் வீட்டை நீங்கள் காலி செய்யாமல் இருப்பதே உங்களுக்கு நல்லது.

கேள்வி (தரமணி): மென்பொருள் அலுவலகம் ஒன்றிலிருந்து நூறு பழைய கணினிகளையும் யு.பி.எஸ். பேட்டரிகளையும் எடுக்க அழைப்பு வந்திருக்கிறது. நல்ல இலாபம் வரும்போலத் தெரிகிறது. ஏற்கலாமா?

பதில்: வண்டி ஓட்டுபவராக ஏற்கலாம், வாங்குபவராக ஏற்கக் கூடாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பெரிய அளவில் மின்னணுச் சாதனங்களைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் இவற்றைப் பதிவு பெற்ற தயாரிப்பாளரிடமோ மறுசுழற்சியாளரிடமோ புதுப்பிப்பவரிடமோதான் ஒப்படைக்க வேண்டும். பேட்டரிக்கு 2022 ஆம் ஆண்டின் தனி விதிகள் இருக்கின்றன. பதிவு பெற்ற நிலையம் ஒன்றோடு பேசி வைத்துக்கொண்டு, அங்கே கொண்டு சேர்க்கும் கூலியை மட்டும் நீங்கள் வாங்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். கணினிகளின் வன்தட்டுகளில் (ஹார்டு டிஸ்க்) அந்த அலுவலகத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் இருக்கும். அழித்துவிட்டோம் என்று எழுத்தில் தராமல் அவசரமாகத் தள்ளிவிடப் பார்க்கும் அலுவலகம் எனக்கு வேண்டாம்.

கேள்வி (அரும்பாக்கம்): சிறிய மருத்துவமனை ஒன்று, கட்டில் மெத்தைகளோடு சேர்த்துச் சில பைகளையும் எடுத்துச் செல்லச் சொல்கிறது.

பதில்: கட்டிலை எடுங்கள், பைகளைத் தொடாதீர்கள். மருத்துவக் கழிவை அதற்கென அனுமதி பெற்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டி மட்டுமே எடுக்கலாம். மஞ்சளோ சிவப்போ, கட்டிய பை எதுவாக இருந்தாலும் அதற்குள் ஊசி இருப்பதாகவே எண்ணுங்கள்.

கேள்வி (ஆவடி): பழைய கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை இறக்கி எடுத்துச் செல்லச் சொல்பவர்கள் அதிகம். எல்லோரும் செய்கிறார்களே?

பதில்: செய்கிறார்கள், சுத்தியலால் அடித்து நொறுக்கியும் ஏற்றுகிறார்கள். நொறுங்கும்போது பறக்கும் இழை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய் பல பத்தாண்டுகள் கழித்து வெளிப்படுவதால், இன்று இருமல் இல்லாத ஆள் நன்றாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். தகட்டை நனைத்து, ஆணிகளைக் கழற்றி, உடையாமல் முழுதாக இறக்கி, தார்ப்பாயில் சுற்றி எடுப்பதற்கு ஆகும் நேரத்துக்கும் முகக்கவசங்களுக்கும் பணம் தருபவரிடம் மட்டும் ஏற்கிறேன். உடைந்த தகடுகளும் தூளும் குவிந்து கிடக்கும் இடம் என்றால், அபாயக் கழிவை எடுப்பவர்களைத்தான் அழைக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டியில் அதற்கான நிலையம் இருக்கிறது.

கேள்வி (முடிச்சூர்): வெள்ளக் காலத்தில் ஒரே நாளில் ஐம்பது அழைப்பு வருகிறது. அப்போது யாரைத் தேர்வது? கூலியை ஏற்றிக் கேட்டால் தவறா?

பதில்: மிக்ஜாம் புயலுக்குப் பிறகு உங்கள் பகுதியில்தான் ஒன்பது நாள் இருந்தேன். தண்ணீர் குடித்த மெத்தை ஒன்றைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. படிக்கட்டு முழுவதும் சேறு. உழைப்பு இரட்டிப்பாவது உண்மை என்பதால், ஆட்களுக்குக் கூடுதல் கூலி கொடுத்தேன், அந்தக் கூடுதலை மட்டும் வாடிக்கையாளரிடம் வாங்கினேன். அதற்கு மேல் ஏற்றுவதை நான் தவறு என்றே நினைக்கிறேன். எல்லாவற்றையும் வாசலில் குவித்து வைத்துவிட்டு நிற்பவரிடம் பேரம் பேச எனக்கு வாய் வராது. தரைத்தளத்தில் தனியாக இருக்கும் முதியவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள், பிறகு ஒரே தெருவில் சேர்ந்து அழைப்பவர்கள் என்ற வரிசையில் போனோம். தெருவாக எடுத்தால் டீசலும் மிச்சம், நேரமும் மிச்சம். கடைகளையும் அலுவலகங்களையும் மறுவாரத்திற்குத் தள்ளினேன். காரணத்தைச் சொன்னபோது பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொண்டார்கள், ஒருவர் மட்டும் சண்டை போட்டார், அவரை இழந்தேன்.

கேள்வி (வில்லிவாக்கம்): ஆடி மாதத்தில் யாரும் வீடு மாறுவதில்லை, வண்டி சும்மா நிற்கிறது. அந்த மாதம் மட்டும் நிபந்தனைகளைத் தளர்த்திக்கொள்ளலாமா?

பதில்: விலையைத் தளர்த்தலாம், நிபந்தனைகளைத் தளர்த்தக் கூடாது. ஆடியில் ஏற்றுக்கொண்ட தவறான வாடிக்கையாளர் ஆவணியிலும் அதே விலைக்கு அதே முறையில் வேலை கேட்பார். அந்த மாதத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களைப் போய்ப் பாருங்கள். மொட்டை மாடியிலும் படிக்கட்டின் அடியிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் யாருடையதென்று தெரியாமல் கிடக்கும் சாமான்களை ஒரே நாளில் எடுத்துத் தருவதாகச் சொல்லுங்கள். சங்கம் முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டி, உரிமை கோராத பொருள்களை மட்டும் எடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போகிக்கு முந்தைய வாரங்களுக்கும் அப்போதே பேசி வைத்தால், டயரும் பிளாஸ்டிக்கும் தெருமுனையில் எரிவதற்குப் பதிலாக உங்கள் வண்டியில் ஏறும்.

கேள்வி (பல்லாவரம்): நான் பெண், இந்தத் தொழிலைக் கணவர் மறைந்த பிறகு நடத்துகிறேன். சிலர் நேரில் வந்து பார்த்து விலை சொல்லுமாறு இரவு நேரத்தில் அழைக்கிறார்கள்.

பதில்: அம்மா, பகல் பத்து மணி முதல் ஐந்து மணி வரைதான் பார்வையிட வருவோம், ஓட்டுநரும் உடன் வருவார் என்பதைத் தொழிலின் விதியாகவே அறிவித்துவிடுங்கள். பழஞ்சாமானுக்கு இரவில் பார்த்துத்தான் தீர வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. விதியைச் சொன்னதும் பேச்சை மாற்றுபவரை அங்கேயே நிறுத்திவிடலாம். அவரிடம் காரணம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கேள்வி (நங்கநல்லூர்): மறுப்பதை எப்படிச் சொல்வது? முகத்தில் அடித்தாற்போல் சொல்ல மனம் வருவதில்லை. உறவினர்கள் மூலம் வரும் வேலை என்றால் இன்னும் கடினம்.

பதில்: ஆளை மறுக்காமல் சாமானை மறுத்துவிடுங்கள். "இந்த வகைச் சாமானை முறையாகச் சேர்க்க எங்களிடம் வழியில்லை, அதனால் ஏற்பதில்லை" என்றால் யாரும் தம்மைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை. முடிந்தால் யாரிடம் போகலாம் என்று சொல்லுங்கள். மறுப்பதற்காக விலையை இரட்டிப்பாகச் சொல்லும் பழக்கம் நம் தொழிலில் பலரிடம் உண்டு. அதை விட்டுவிடுங்கள், ஏனென்றால் சில நேரம் அவர்கள் அந்த விலைக்கும் ஒப்புக்கொள்வார்கள், பிறகு பின்வாங்க முடியாது. உறவினர் வழி வேலைக்கும் தாளில் எழுதிய கணக்கையே கொடுங்கள். தள்ளுபடி தருவதாக இருந்தால் அதையும் எழுதிக் கழியுங்கள்.

கேள்வி (குரோம்பேட்டை): நாளை காலை முதன்முறையாக ஒரு வீட்டைப் பார்வையிட்டு விலை சொல்லப் போகிறேன். ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: வீட்டுக்குள் போகும் முன் தெருவைப் பாருங்கள்; வண்டி வாசலில் நிற்குமா, இல்லை முனையில் நிறுத்தி நூறடி சுமக்க வேண்டுமா என்பதில் ஓர் ஆள்கூலி வித்தியாசம் இருக்கிறது. படியில் ஏறும்போது திருப்பங்களைக் கையால் அளந்துகொள்ளுங்கள்; பீரோ வீட்டுக்குள் வந்த பிறகு கைப்பிடிச் சுவர் கட்டியிருப்பார்கள். பீரோவின் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். எடுக்க வேண்டியவற்றில் சுண்ணக்கட்டியால் குறி போடச் சொல்லுங்கள். குறி போடும்போது வீட்டில் இருப்பவர்களுக்குள் வாக்குவாதம் வந்தால், அவர்கள் பேசி முடித்த பிறகு அழைக்கட்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பரணில் ஒன்றும் இல்லை என்பார்கள். ஏணி கேட்டு, டார்ச் விளக்கோடு நீங்களே ஏறிப் பாருங்கள்.